வலது பக்கத்து நீர்க்கோடு

சாயங்காலம் நாலரை மணி.

என்ன சிரிப்பு? பேய் என்றால் நடுநிசிக்குத்தான் வர வேண்டுமா? ஜனவரிக் கடைசியில் இந்த நாட்டின் வடக்கு முனைக்குப் போய்ப் பாருங்கள், தெரியும். நாலரைக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்துவிடும். இங்கே பிராங்பேர்ட்டில் தெருவெல்லாம் விளக்கு, நமக்கு எங்கே உறைக்கிறது? பாமா, அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படி வந்து உட்கார். காபி அப்புறம் போடலாம்.

நாலரை மணி... ஒரு மண் பாதை. ஒரு பக்கம் வெற்று வயல். மறு பக்கம் நாணல், அதற்கு அப்பால் கடல். பஸ் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு வீடு கிடையாது, ஒரு நாய் கிடையாது. காய்ந்த நாணல் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் மட்டும்தான்.

இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். முன்னால் வருகிறவன் சந்திரமௌலி. இதோ, சுவரில் சாய்ந்துகொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே நம் வாசுதேவன், அவருடைய அக்கா வீட்டுக்காரர். இது எழுபத்தொன்றாம் வருஷம், பதினாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது அவருக்கு இருபத்தேழு வயசு, கல்யாணம்கூட ஆகவில்லை. அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் வாசு. கும்பகோணத்துக்காரன். வடக்கே கீல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். எதையும் அரைகுறையாக விட மாட்டான். ஒரு கண்ணாடிக் குடுவையில் கறை இருந்தால் மூன்று தரம் கழுவுகிற ஆசாமி.

பின்னால் வருகிறவன் கோபாலன். விருதுநகர்ப் பையன், எஞ்சினியரிங், விடுதியில் பக்கத்து அறை. வாய் ஓயவே ஓயாது. மௌலிக்கு அந்த ஊரில் வாய்விட்டுத் தமிழ் பேச இருந்த ஒரே ஜீவன் அவன்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவன்தான். அவன் இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே பெட்டியைக் கட்டியிருப்பேன் என்று மௌலியே சொல்லியிருக்கிறார்.

இருவரும் சனிக்கிழமைகளில் ஒரு படகுக் கொட்டகையில் வேலை பார்த்தார்கள். குளிர்காலம் வந்தால் அங்கே பாய்மரப் படகையெல்லாம் தண்ணீரிலிருந்து தூக்கி, கொட்டகைக்குள் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். வசந்தத்துக்குள் பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரிசலுக்குப் பட்டி பார்த்து, புதுசாக அடிக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகம் வெள்ளை. தண்ணீருக்குள் இருக்கிற பாகம் சிவப்பு, பாசியும் சிப்பியும் ஒட்டாத விஷப் பெயிண்ட். இவர்களிடம் வந்தது வீப்கெ என்று ஒரு மரப் படகு, எட்டு மீட்டர் நீளம். அதன் சொந்தக்காரர் ஹெர் யெப்சன், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அதிர்ந்து பேச மாட்டார். மே மாதம் படகு இறங்குகிற அன்றைக்கு முதல் சவாரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். கோபாலன் அதை விடுதி முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டான்.

இப்போது மௌலி செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில், நூல் பருமனுக்கு, மரத்தில் ஒரு பள்ளக் கோடு படகைச் சுற்றி ஓடியது. அதுதான் நீர்க்கோடு. எத்தனை வருஷம் பெயிண்ட் மாறினாலும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். கடலோரத்தில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும், அதனால் யெப்சன் அதைத் தனியாகச் சொல்லவில்லை. கும்பகோணத்துக்காரனுக்கு எங்கே தெரியும்? சுற்றி வந்த விரிசல் என்று நினைத்தான். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நின்று, அங்குலம் அங்குலமாகப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் வழவழவென்று தேய்த்தும் வைத்துவிட்டான். பெருமை வேறு.

யெப்சன் வந்தார். மாட்டைத் தடவுகிற மாதிரி உள்ளங்கையால் படகைத் தடவிக்கொண்டே நடந்தார். பாதியில் கை நின்றது.

"கோடு எங்கே?"

மௌலி சொன்னான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அது என் அப்பா வெட்டியது. வருஷா வருஷம் அதைப் புதுப்பிப்பது என் தம்பி ஹின்னெர்க்," என்றார். தம்பி எங்கே என்று கோபாலன் கேட்டான். "அறுபத்தொன்பது அக்டோபரில் இந்தப் படகிலிருந்து விழுந்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை." நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரிச் சொன்னார். பிறகு படகின் மூக்கில் இருந்த ஒரு பித்தளை ஆணியைக் காட்டினார். "உயரம் இதுதான். டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போடுங்கள். உங்கள் விருப்பத்துக்குப் போடாதீர்கள்."

அந்தக் கோடு போடுவதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை, நாலரை மணிக்கு, அந்தப் பாதையில் நடந்தார்கள். மௌலிக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் நேரமாகிவிட்டது. இல்லாவிட்டால் வெளிச்சத்திலேயே முடித்திருப்பார்கள்.

கொட்டகையில் ஒரே ஒரு குண்டு பல்பு. டர்பன்டைன் வாசனை, தார் வாசனை, பழைய பெயிண்ட் தூசி. முட்டுக்கட்டைகள் மேல் வீப்கெ, ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி நின்றது. இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் தெரிய மாட்டான்.

கோபாலன் ஒரு வாளியிலிருந்து டியூபில் தண்ணீரை நிரப்பி, பேனா மையைச் சொட்டுவிட்டு நீலமாக்கினான். "டேய் மௌலி, எங்கூர் கொத்தனார் வீடு கட்டறப்ப இதைத்தானடா பண்ணுவான். இதுக்கெல்லாம் டாக்டரேட்டா?"

"பேசாம போய் ஆணிகிட்ட புடி. லெவல் நின்னதும் 'சரி'ன்னு சொல்லு. நான் மார்க் பண்றேன்."

டியூபின் ஒரு முனையை ஆணியோடு சேர்த்துக் கோபாலன் பிடித்துக்கொண்டான். மறு முனையை மௌலி படகின் இடது உடம்போடு வைத்தான். தண்ணீர் ஆடி, ஆடி, நிற்கும். கோபாலன் "சரி" என்பான். மௌலி பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். ஒரு சாண் தள்ளி அடுத்தது. "சரி." புள்ளி. "சரி." புள்ளி. இடது பக்கம் முடிந்தது.

"கொஞ்சம் பிரேக்," என்றான் மௌலி. ஆனால் அவன் எங்கே உட்கார்ந்தான்? கையைத் தேய்த்துக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, டியூபைப் படகுக்கு அடியில் இழுத்து, வலது பக்கத்துக்கு வந்துவிட்டான்.

"ரெடியா?"

"யா," என்று பதில் வந்தது.

டியூபை வைத்தான். தண்ணீர் ஆடியது... நின்றது.

"யெட்ஸ்ட்."

'இப்போது' என்று அர்த்தம். பயலுக்கு ஜெர்மன் கொழுப்பு ஏறிவிட்டது என்று மௌலி நினைத்துக்கொண்டான். குரல் கொஞ்சம் கட்டையாக இருந்தது. குளிரில் தொண்டை கட்டியிருக்கும். புள்ளி வைத்தான். நகர்ந்தான்.

"யெட்ஸ்ட்."

புள்ளி.

"யெட்ஸ்ட்."

வேலை என்னமோ இந்தப் பக்கம் சுருக்காக நடந்தது. கோபாலன் அதைவிட ஒழுங்காகப் பிடித்ததே இல்லை. ஒரு கேலி இல்லை, ஒரு கொட்டாவி இல்லை. பின்பக்கம் நெருங்க நெருங்க ஒரு வாசனை மட்டும் வந்தது... நனைந்த கம்பளி வாசனை. மழையில் நனைந்த ஸ்வெட்டரை மூட்டையாகக் கட்டி வைத்தால் வருமே, அது. கடைசிப் புள்ளி. "யெட்ஸ்ட்."

"அவ்வளவுதான்டா, முடிஞ்சுது!" என்று மௌலி சத்தம் போட்டான்.

அவனுக்குப் பின்னால் கொட்டகைக் கதவு கிறீச்சென்று திறந்தது. இரண்டு தகரக் குவளை காபியோடு கோபாலன் உள்ளே வந்தான். தலையெல்லாம் பனி.

"என்ன முடிஞ்சுது? பிரேக்னு சொன்னியேன்னு காவக்காரர் ரூமுக்குப் போயிட்டேன். அரை மணி ஆச்சே. தனியாவா போட்டே?"

மௌலி குனிந்து பார்த்தான். கையில் டியூப். அதில் நீலத் தண்ணீர் அசையாமல் நின்றது.

"ஆணிகிட்ட இருந்த முனை?"

"வாளிக்குள்ள போட்டுட்டுத்தான் போனேன். ஏன்டா, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

இருவரும் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். டியூபின் அந்த முனை தரையில், வாளிக்குள் கிடந்தது. அப்படியானால் தண்ணீர் முழுக்க வாளியில் இறங்கியிருக்க வேண்டும். மௌலி கையில் ஒரு சொட்டு நின்றிருக்கக் கூடாது. அவன் கையில் இருந்த முனையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்த தண்ணீர் சரசரவென்று இறங்கி, வாளியில் கொட்டியது. அதுவரை யாரோ மறு முனையைப் பிடித்திருந்து, அப்போதுதான் கையை எடுத்த மாதிரி... அவ்வளவுதான்.

காபியைக் குடிக்காமலே ஓடி வந்துவிட்டார்கள்.

மறு சனிக்கிழமை பட்டப்பகலில் போனார்கள். புள்ளிகளை ஒரு மெல்லிய ரீப்பர்க் கட்டையால் சேர்த்துப் பார்த்தால், இடது பக்கக் கோடு சரி. வலது பக்கக் கோடு பின்னால் போகப் போக ஏறி, சுக்கான் பிடிக்கிறவர் பக்கத்தில் ஒருவர் உட்காருகிற இடத்துக்கு நேரே, நாலு விரற்கடை மேலே நின்றது. அழித்தார்கள். கோபாலனே ஆணியருகில் நின்று, வாய் ஓயாமல் பாட்டுப் பாடிக்கொண்டே டியூபைப் பிடித்தான். மறுபடி நாலு விரற்கடை. டியூபில் காற்றுக் குமிழி இருக்கும் என்று தண்ணீரை மாற்றினார்கள். நாலு விரற்கடை. டியூபையே மாற்றினார்கள். அதே நாலு விரற்கடை.

"கிழவர்கிட்ட சொல்லிடலாம்டா," என்றான் மௌலி.

"சொல்லி? உனக்கு வேலை தெரியலைன்னு நம்ம ரெண்டு பேரையும் அனுப்பிச்சுருவாரு. மே மாச சவாரி போச்சு. எங்கப்பாவுக்கு லெட்டர்கூடப் போட்டுட்டேன்டா, கப்பல் ஓட்டப் போறேன்னு."

மௌலிக்கும் சொல்ல மனசில்லை. ஏற்கெனவே கோட்டை அடைத்த அவமானம் போதாதா? அதனால் அவன் ஆராய்ச்சிக் கூடத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். ஒத்துவராத அளவைத் தூக்கிப் போட்டான். இடது பக்கத்துக் கோடு மேல்விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதையே வலது பக்கத்துக்கும் எடுத்து, காகித நாடா ஒட்டி, மார்ச் மாதம் மேலே வெள்ளையும் கீழே சிவப்பும் அடித்துவிட்டான். நாடாவை உரித்தபோது இரண்டு பக்கமும் ஒரே கோடு. பார்க்க அவ்வளவு அழகு.

மே மாதம் முதல் ஞாயிறு. வெயில். கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் இறக்கியது. படகில் ஒருவரும் இல்லை. இடது பக்கம் சிவப்பு, தண்ணீருக்கு மேலே தாராளமாகத் தெரிந்தது. வலது பக்கம்... சிவப்பே தெரியவில்லை. தண்ணீர் வெள்ளையில் நாலு விரற்கடை ஏறி நின்றது. கிரேன்காரர் பதறிப்போய், ஓட்டை விழுந்திருக்கும் என்று உள்ளே இறங்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்து கிடந்தது.

யெப்சன் படகுத்துறைப் பலகையில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்தார். பிறகு மௌலியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தண்ணீர் சொன்ன இடத்தில் போட்டீர்களா?"

"இல்லை. வலது பக்கம் தண்ணீர் தப்பாகக் காட்டியது. நான் நேராக்கிவிட்டேன்."

"தண்ணீர் தப்பாகக் காட்டாது, ஹெர் சந்திரமௌலி. அது ஹின்னெர்க் உட்காரும் இடம்." அவர் குரலில் கோபமே இல்லை. "அவனுக்கு இடம் விட்டுக் கோடு போட்டிருந்தால், படகு அவன் ஒருவனோடு போயிருக்கும். நீங்கள் நேராகப் போட்டுவிட்டீர்கள். இனி படகு அந்தக் கோட்டுக்கு உட்கார்ந்தாக வேண்டும். இடது பக்கம் ஒருவர் வேண்டும். நீங்கள், அல்லது உங்கள் நண்பர். யாராக இருந்தாலும் சரி."

கோபாலன் துறையின் மறு முனையில் கிரேன்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டு, ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். இது ஒன்றும் அவன் காதில் விழவில்லை.

மௌலி நினைத்திருந்தால் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அல்லது, தப்பு என்னுடையது, நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பயம். அவ்வளவு பயம். பேய் பிசாசு என்று சொன்னால் சிரிப்பார்களே என்ற வெட்கம் வேறு. கால் பலகையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றான். ஒருவர் ஏறலாம் என்று யெப்சன் குரல் கொடுக்க, கோபாலன் பக்கத்தில் வந்து, "நீ போறியா, நான் போகட்டா?" என்று கேட்டபோது மௌலி வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"காத்தடிக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கோடா."

கோபாலன் குதித்து ஏறி இடது பக்கப் பலகையில் உட்கார்ந்தான். படகு ஒரு தரம் ஆடி, நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் கோடு தண்ணீரோடு அச்சாகச் சேர்ந்துகொண்டது. யெப்சன் பாயை ஏற்றினார்.

மூன்று மணி நேரம் மௌலி துறையிலேயே நின்றான். மனசுக்குள் தெரிந்த ஸ்லோகத்தையெல்லாம் சொன்னான், பாதியில் மறந்தது, திரும்ப ஆரம்பித்தான். ஏழு மணிக்குப் பாய் தெரிந்தது. முதலில் ஒரு தலை... யெப்சன். பிறகு இன்னொரு தலை. கோபாலன்! கையை ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு வந்தான். மௌலிக்கு அழுகையே வந்துவிட்டது.

படகு துறையில் உரசியது. கோபாலன் தாவி இறங்கினான். "என்னமா போகுது தெரியுமாடா! பறக்குது! வா, பசி உயிர் போகுது," என்று மௌலியின் தோளில் கையைப் போட்டான். கை சூடாக இருந்தது. ஆனால் அந்தக் கையின் கனமே மௌலிக்குத் தெரியவில்லை.

மௌலி திரும்பிப் படகைப் பார்த்தான். அறுபது கிலோ ஆள் இறங்கினால் அந்தப் பக்கம் எழும்ப வேண்டுமா இல்லையா? எழும்பவில்லை. இரண்டு பக்கமும் கோடு அப்படியே தண்ணீரோடு ஒட்டி நின்றது. யெப்சன் இறங்கவில்லை. ஒரு கம்பளியை எடுத்து, இடது பக்கப் பலகையில், தூங்குகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, மெல்ல விரித்து ஓரங்களை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லை. கோபாலன் படிப்பை முடித்தார். இரண்டு பேருக்கும் மியூனிக்கில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மௌலி வீட்டில் கோபாலனுக்குத் தோசை. அதே வாய், அதே கேலி. வாசுதேவனே பார்த்திருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதம் பிறந்தால் மட்டும் மௌலிக்கு யெப்சனிடமிருந்து ஒரு தபால் அட்டை வரும். முதல் வருஷம் வந்ததில் இப்படி எழுதியிருந்தது: 'உங்கள் நண்பர் ராத்திரியில் அழுகிறார். மொழி எனக்குப் புரியவில்லை. மௌலி, மௌலி என்று கூப்பிடுவது மட்டும் புரிகிறது.' அடுத்த வருஷமும் அதேதான். அதற்கடுத்த வருஷமும். மௌலி ஒருவரிடமும் காட்டியதில்லை, என்னிடம்கூட இப்போதுதான் வாய் திறந்தார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுவார்.

இந்த வருஷத்து அட்டை ஒரு சனிக்கிழமை வந்ததாம். படிக்கப் பயந்த மாதிரி அதைக் கவிழ்த்தே வைத்திருந்து, மறு நாள் சாப்பாட்டு மேஜையில்தான் திருப்பிப் பார்த்திருக்கிறார். இரண்டே வரி. 'இப்போது அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இனி நான் எழுத மாட்டேன்.'

எதிரே கோபாலன் மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே, "யாருடா லெட்டர் போட்டிருக்கா?" என்று கேட்டாராம்.